சேத்தூரான் போட்ட சத்தம்

அவன் வருவதற்கு முன்னால் எங்கள் டீமின் லிஃப்டர் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் அந்தக் காலத்து வாலிபாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எவரும் இதைச் சொல்வதில்லை. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

வாலிபாலில் பந்தை ஓங்கி அடிக்கிறவனைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவன் அடிப்பதற்குத் தோதாக நெட்டுக்கு மேலே பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்தான் லிஃப்டர். யார் அடிப்பது, எந்த இடத்திலிருந்து அடிப்பது என்பதெல்லாம் அவன் முடிவு. எங்கள் டீமில் அடிக்கிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். லிஃப்டர் ஒருவன்தான். அந்த ஒருவனாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எண்பதுகளின் கடைசி அது. பிளஸ் டூ முடித்துவிட்டு, சித்தப்பாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் கையைக்கூடக் கழுவாமல் கிரவுண்டுக்கு ஓடுவேன். ஊரில் ஸ்பின்னிங் மில்காரர்கள் தங்களுக்கென்று வாலிபால் டீம் வைத்திருந்தார்கள். டீமில் எடுத்துக்கொண்டால் மில்லில் வேலையும் கிடைக்கும். ஒரு மில்லின் லிஃப்டருக்கு முட்டி போய்விட்டது, அவருடைய இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாவும் முடிவு கட்டிவிட்டாள். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அதற்கப்புறம் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு சேத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன். என் வயதுதான். வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் எங்கள் கிரவுண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். எங்களில் உயரமானவனை நெட்டையன் என்போம். அவன்தான் கடைசி முனையில் நின்று அடிப்பவன். அன்று நான் தூக்கிக் கொடுத்த ஒரு நல்ல பந்தை நெட்டையன் நெட்டிலேயே அடித்துவிட்டான். நான் என் வழக்கப்படி, "பரவால்லண்ணே, அடுத்த பந்துக்குக் கொஞ்சம் வெரசா ஏறுங்க" என்றேன்.

வெளியிலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"ஏலே நெட்டை! காலைல சோறு தின்னியா இல்லியா? பந்த அடிக்கச் சொன்னா கும்பிட்டுக்கிட்டு நிக்கித!"

யாரென்றே தெரியாத ஒருவன் இப்படிச் சொன்னால் நெட்டையன் என்ன செய்வான்? அடிக்கப் போவான் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். அடுத்த பந்தை எதிர்ப்பக்கத்து ஆள் நெஞ்சிலேயே இறக்கினான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டிரில் மாஸ்டர், சத்தம் போட்டவனை உள்ளே வரச் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் கை மோசமான கை. பந்தை விரலில் வாங்கத் தெரியாது. ரெண்டு கையும் முன்னே பின்னே பட்டு, பந்து சுழன்றுகொண்டு போகும். நல்ல அம்பயராக இருந்தால் நான்கு பந்துக்கு ஒரு விசில் ஊதுவார். நான் தூக்கினால் பந்து ஆடாது, அசையாது. ஆனால் அவன் தூக்கிக் கொடுத்த கோணல் பந்துக்கு எல்லோரும் உயிரைக் கொடுத்து எம்பினார்கள். என்னுடைய நேர்த்தியான பந்துக்கு மரியாதைக்கு எம்பினார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை அதுவரை நான் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். இப்போது விரட்டப்பட்ட பிடாரியே நான்தான்.

ரெண்டு வருஷம் வயிறெரிந்தேன். அவன் எல்லோரையும் வைவான். தப்பு செய்தவனை மட்டுமில்லாமல் பக்கத்தில் நின்றவனையும் வைவான். ஒரு தடவை கோபத்தில் பந்தை எடுத்து நெட்டையன் முதுகிலேயே அடித்தான். அன்றைக்கும் ஆட்டம் முடிந்ததும் அவனை பஸ் ஸ்டாண்டுக்கு யார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது என்று அடிதடி. அந்த சைக்கிள்களுக்கெல்லாம் ஓசியில் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவன் நான். என்னை ஒருத்தனும் ஏறிக்கொள் என்று சொன்னதில்லை. நான் நடந்து வீட்டுக்குப் போவேன். வழியெல்லாம் அவனைப் போலவே கரகரத்த குரலில் கத்திப் பார்ப்பேன். ஒரு நாள் எதிரே வந்த பால்காரர், "என்ன தம்பி, நாய் கீய் வெரட்டுதா?" என்று கேட்டார்.

பொறாமைக்காரன் பார்ப்பதுபோல ஒருவனைக் கட்டிய மனைவிகூடப் பார்க்கமாட்டாள். அவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான், எப்போது உதட்டைக் கடிப்பான் என்று எல்லாம் எனக்குப் பாடம். இன்னொன்றும் கவனித்தேன். அவன் குரல் எப்போதும் ரம்பம் அறுப்பது மாதிரி இருக்கும், பொய் சொல்லும்போது மட்டும் இனித்துவிடும். தறி முதலாளி கிரவுண்டுக்கே தேடி வந்து, "என்னலே, பாதியில போயிட்ட?" என்று கேட்டால், "வயித்து வலி மொதலாளீ" என்பான். பாகுபோல இழுப்பான். அவரும் நம்பிப் போவார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

டீமுக்கு அவன் கொண்டுவந்த இன்னொரு சங்கதி தெலுங்கு. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டில் அதுதான் பேச்சு, அவனுக்கும் அப்படித்தான். மீதிப் பேருக்கும் தெருவில் விளையாடியே வந்துவிடும். எந்தப் பந்து தூக்கப்போகிறான் என்பதை அவன் தெலுங்கில் கத்திச் சொல்வான். 'பொட்டி' என்றால் நெட்டுக்கு முன்னாலேயே குட்டையாகப் போடுகிற பந்து. 'பொடுகு' என்றால் கடைசி முனைக்கு, நெட்டையனுக்கு, உயரமாகப் போகிற பந்து. எதிர் டீமுக்குப் புரியாது என்று கணக்கு. ராஜபாளையத்துக்காரனுக்கு எப்போதுமே ஒரு நினைப்பு உண்டு. தெலுங்கு நம் ஊர் எல்லையோடு முடிந்துவிடும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினால் எல்லாம் வேறு ஆட்கள் என்கிற நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டோர்னமென்ட். அந்த மில்லின் டீமைக் கவனித்துக்கொள்கிற ஆபீசர் அதைப் பார்க்க வருகிறார், லிஃப்டரை அங்கேயே முடிவு செய்துவிடுவார் என்று மாஸ்டர் சொன்னார். பனியன் எட்டுதான் தைத்திருந்தோம், பிராக்டிஸுக்கு வருகிறவர்களோ பதினோரு பேர். எட்டாவது பனியன் எனக்குக் கிடைத்தது. உட்காருவதற்கென்று கொடுத்த பனியன் அது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற லிஃப்டரை எந்த ஆபீசர் பார்ப்பார்? அதைப் போட்டுக்கொண்டபோது பாதி ஜெயித்த மாதிரியும் பாதி செத்த மாதிரியும் இருந்தது.

பைனலில் உள்ளூர் டீம்தான் எதிரி. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து ஆடிக்காற்று மண்ணை வாரிக் கொட்டியது. முதல் செட் எங்களுக்கு. ரெண்டாவது செட்டில் என்னவோ ஆகிவிட்டது. சேத்தூரான் 'பொட்டி' என்று வாயைத் திறப்பதற்குள் அவர்கள் முன்னால் எம்பி நின்றார்கள். 'பொடுகு' என்றால் நெட்டையன் எதிரே நான்கு கை தயாராக இருந்தது. அந்த செட் போயிற்று. இடைவேளையில் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே அவர்களுடைய தடியன் ஒருவன், நெட்டில் எம்பி எம்பித் தடுத்தவன், வேடிக்கை பார்க்க வந்த தன் மாமாவிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டது தெலுங்கில்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மூன்றாவது செட் தொடங்கி, நாங்கள் பின்தங்கி, மாஸ்டர் டைம் கேட்கும்வரை அதைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். எல்லோரும் சுற்றி நின்றபோது சொன்னேன்.

"மாஸ்டர், அவியளுக்கும் தெலுங்கு தெரியும். இவன் கத்துறதக் கேட்டுட்டுத்தான் எம்புதாங்க. என்னைய எறக்குங்க. எனக்குக் கத்தவே வேண்டாம்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி, நீ போ" என்றார். ரெண்டு வருஷமாக நான் கனவு கண்ட வார்த்தை அது. சேத்தூரான் முகம் தொங்கிப்போகும் என்று ஆவலோடு திரும்பினேன். அவன் கண் பளபளத்தது.

"அப்படியால சங்கதி? நல்லதாப் போச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க. வெளிய நின்னுக்கிட்டு நான் கத்துதேன். பொட்டின்னா பொடுகு, பொடுகுன்னா பொட்டி. மாத்தித் தூக்குலே" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "நெட்டை, பந்து வந்தாலும் வராட்டியும் நீ முழு ஓட்டம் ஓடணும். நின்னே, கொன்னுருவேன்."

நான் இறங்கினேன். அவன் கத்துவதைக் கேட்கப் போவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். ஆபீசர் கண்ணுக்கு முன்னால் என் கை, என் முடிவு. முதல் ரெண்டு பந்தும் அந்தக் காற்றிலும் கட்டி வைத்தது மாதிரி நின்றன. ரெண்டையும் கோட்டை விட்டார்கள். அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள், அந்தக் குரல் மாற்றிச் சொன்ன கணக்குப்படியே போயின. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு தப்புக்கு இடமில்லை.

அடுத்த பந்துக்கு வெளியிலிருந்து "பொட்டீ" என்று வந்தது. அவர்கள் முன்னால் எம்பினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டையனுக்குத் தூக்கினேன். தடுக்க ஆளில்லாத நெட்டுக்கு மேலே அவன் சாவகாசமாக அடித்தான். அதற்கப்புறம் ஒரே கொண்டாட்டம்தான். அவன் கத்துவான், அவர்கள் ஏமாறுவார்கள், நான் மாற்றித் தூக்குவேன். அம்பயர் ரெண்டு தடவை அவனை எச்சரித்தார். கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே நின்று பந்தைத் தொடுகிறவன் நான், பேர் வெளியே நிற்கிறவனுக்கு. ரெண்டு பேருமாக மேலே வந்தோம், இன்னும் ஒரு பாயின்ட்தான் பாக்கி.

இதற்குள் தடியனுக்கும் புரிந்துவிட்டது. கடைசிக்கு முந்தின ரெண்டு பந்திலும், சொல்வதற்கு மாற்றாகவே வந்து நின்று தடுத்தான். பிறகு அந்தப் பந்து வந்தது. பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அது என் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

"பொடுகு!"

முன்பு பேசி வைத்தபடி பார்த்தால் நான் குட்டையாகப் போட வேண்டும். எதிரே நெட்டில் நின்ற மூன்று பேரும் அதை எதிர்பார்த்து முன்னால் ஓடி வந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குரலில் இனிப்பு இல்லை. அடித்தொண்டையிலிருந்து ரம்பம் அறுத்தது. பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது நிஜத்தைச் சொல்கிறான் என்பது அத்தனை பேர் நின்ற கிரவுண்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்தது. நான் உயரமாக, கடைசி முனைக்குத் தூக்கினேன். வைதால்தான் ஓடுகிற நெட்டையன் முழு ஓட்டம் ஓடி வந்திருந்தான். அடித்தான். முடிந்தது.

நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நெட்டையன் என்னைத் தாண்டி ஓடினான். எல்லோரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். பெஞ்சுப் பக்கம் போய் சேத்தூரானைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். வெற்றுக் கோர்ட்டில் பனியனிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நான் மட்டும் நின்றேன். ஆபீசர் எழுந்து போய் அவனிடம் கை கொடுப்பதைப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் தனியாக பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவனே நெட்டையன் சைக்கிளை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அதுவரை வந்ததில்லை. அம்மா, "வாய்யா, வா" என்று உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"மில்லுல என்னைய எடுத்துட்டாக" என்றான்.

"தெரியும்."

"அந்த ஆபீசரு, கடைசிப் பந்த எப்படிலே சொல்லிக் குடுத்தேன்னு கேட்டாரு. நான் சொல்லியே குடுக்கல சார், நான் சொல்றது நெசமா பொய்யான்னு எங்கம்மாவுக்கே தெரியாது, அவன் எப்படியோ கண்டுக்கிட்டான்னேன். அப்படி ஒருத்தன் கூட இருந்தாத்தான் எனக்கு ஆட வரும், எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்கன்னுட்டேன். செத்த நேரம் யோசிச்சாரு. பொறவு சரின்னாரு. நீ ரிசர்வ் லிஃப்டரு. மில்லு வேலை உண்டு."

நல்லவனாகவும் இருந்து தொலைந்தான். ஒரு அயோக்கியத்தனம் செய்திருந்தால் என் ரெண்டு வருஷத்து வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவன் வாங்கிக் கொடுத்த வேலை, அதுவும் அவனுக்குப் பின்னால் பெஞ்சில் உட்காருகிற வேலை. உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா அடுப்படி வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. டம்ளரை அவன் கையில்தான் கொடுத்தாள்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே காபியை ஆற்றினான்.

"எப்ப வரச் சொன்னாக?" என்று கேட்டேன்.