வாட்ச்மேனிடம் பேசிய தமிழ்

வியட்நாமில் சில வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இனி ஊரிலேயே வாத்தியாராக இருக்கலாம் என்று திரும்பி வந்தவன் நான்.

இன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் டெமோ வகுப்பு எடுத்தேன். பெல் அடித்தும், 'இன்னும் கொஞ்சம் சார்' என்று பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். "இங்கிலீஷ் பிரமாதம் சார். ஆனா வாசல்ல வாட்ச்மேன்கிட்ட, 'இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா'ன்னு மெட்ராஸ் பாஷையில கேட்டீங்களே? பேரன்ட்ஸ் காதுல விழுந்தா ஸ்கூல் பேரு கெட்டுடும். வேற ஆளப் பாத்துக்கறோம்."

வியட்நாமில் யாருக்கும் நாறாத என் தமிழ், என் ஊரில் நாறுகிறதாம்!

அப்போது அவர் போன் அடித்தது. அவருடைய அம்மா.

"ஸ்கூல்லதாம்மா கீறேன். கொயம்ப சுட வெய்யி, வூட்டுக்கு வந்துகினே கீறேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

விம்கோ நகரில் நானே வகுப்பு தொடங்கப்போகிறேன். வாடகைக்கு மாடி இருந்தால் சொல்லுங்கள். தாளாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம். வாசலில் நின்று ஒட்டுக்கேட்க மாட்டேன்.