அண்ணன் திரும்பாத பக்கம்

அண்ணன் தறியில் பாவு நூலை அறுத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு எட்டு. அரிசி கிடைக்காத வருஷம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பாதி தறிக்கு, மீதியில் நாங்கள் நான்கு பேர்.

கோர்வைப் புடவையை ஒருவராக நெய்ய முடியாது. கரைக்குத் தனி நிறம்; குறுக்கு நூலை ஓட்டும் நாடாவும் தனி. அப்பா உடல் நூலை ஓட்டிவிட்டுத் "தள்ளு" என்பார். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கரை நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன்தான் அந்தப் பிள்ளை. நாலாவதோடு பள்ளியை நிறுத்தி உட்கார வைத்தார்கள்.

ஒரு நாள் தூங்கி வழிந்து தப்பாகத் தள்ளிவிட்டான். நெய்ததில் நான்கு விரல் அகலம் பிரிக்க வேண்டியதாயிற்று. அப்பா இருந்த இடத்திலிருந்தே புறங்கையால் ஒன்று விட்டார். இடது காதில் விழுந்தது. இரண்டு நாளில் சீழ் வந்தது. அம்மா பூண்டெண்ணெய் காய்ச்சி விட்டாள். சீழ் நின்றது. அத்தோடு அதை மறந்தோம்.

எனக்கு மட்டும் ஒரு விளையாட்டு கிடைத்தது. அவன் இடப்பக்கமாகப் போய் "குரங்கே" என்பேன். திரும்ப மாட்டான். வலப்பக்கம் சொன்னால் குட்டு விழும். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தறியில் அவன் முன்போல் இல்லை. அப்பா சொன்னால் சும்மா இருப்பான்.

"இன்னாடா, ரெண்டு தபா சொன்னாதான் தள்ளுவியா? ஜமீன்தாரா நீ?"

அடி விழும். அதை வாங்கிக்கொண்டு வெளியே போவான். ஒரு பையனைக் கல்லால் அடித்து மண்டையை உடைத்தான். பக்கத்து வீட்டுக் கோழியின் காலை முறித்தான். தெருவில் அவனுக்குத் தறுதலை என்று பேர் வந்தது. பிள்ளைகள் யாரும் அவனோடு சேரவில்லை.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட எழுந்தார். அண்ணன் பிளேடை எடுத்துக் கையகலத்துக்குப் பாவு நூலை அறுத்துப் போட்டான். ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

ஐயம்பேட்டையிலிருந்து மாமா சைக்கிளில் வந்தார். அண்ணனை நடுவில் உட்கார வைத்தார்கள். மாமா அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து தணிந்த குரலில்தான் விசாரித்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுக்கினே இருக்கேன், மூஞ்சப் பாரு, கல்லாட்டம் இருக்கான்," என்றார் மாமா.

"சோறு துன்னத்தான் அவன் வாயி தொறக்கும்," என்றார் அப்பா.

"அடிக்காம கேளுங்களேன்," என்றாள் அம்மா.

"அடிக்காமதாம்மா கேக்குறேன்," என்றார் மாமா.

பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. இவன் இன்னா இன்னா பண்றான்? உங்கிட்டயாவது ஏதனா சொன்னானா?"

கல், கோழி, பிளேடு எல்லாம் சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். இடப்பக்கத்து விளையாட்டு நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால், அண்ணனைக் குரங்கு என்று கூப்பிட்டதும் வெளியே வரும். எனக்கும் அடி விழும். வாயை மூடிக்கொண்டேன்.

"நல்ல பொண்ணு," என்றார் மாமா.

மறுநாள் காலையில் அவனைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். தெரிந்தவர் ஓட்டலில் இலை எடுக்கும் வேலை. அண்ணன் இரண்டு தடவை வந்தான். அப்புறம் வரவில்லை.

அறுந்த இழைகளை அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் அப்பா வலப்பக்கத்து இடத்தைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். அவர் மெதுவாகத்தான் "தள்ளு" என்றார். ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றாகக் கேட்டது. இதைக்கூடச் செய்யாமல் அண்ணனுக்கு அவ்வளவு திமிர் ஏன் என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.