பச்சையாகிப்போன ஹந்தானை

பிள்ளைகளே, மண்சரிவு வரைபடத்துக்குக் கணினியில் நிறம் கொடுப்பது என் வேலை. மலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆபத்தைக் காட்டும் ஓர் எண் உண்டு. சிறிய எண் பச்சை, பெரிய எண் சிவப்பு. அன்று ஹந்தானை மலை முழுவதும் பச்சையாக வந்தது. ஆபத்தில்லை என்று சந்தோஷமாக அங்குள்ள தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் அக்கா ஒருவர் படத்தைப் பார்த்தார். "எங்க லயமும் பச்சையா தம்பி? செவுரு வெடிப்புல என் கையே உள்ள போவுது. அதுவும் பச்சைதானா?"

திரும்பிப்போய்த் தேடினேன். படத்தின் ஓரத்தில், மலைக்கு வெளியே அளக்காத ஒரு கட்டத்துக்கு அடையாளமாகப் போட்ட 9999 என்ற எண்ணை நான் நீக்கவில்லை. கணினி அதையே சிவப்பின் உச்சமாக எடுத்ததால், நூற்றுக்குள் இருந்த மற்ற எண்கள் எல்லாம் பச்சையாகிவிட்டன. நீக்கியதும் லயம் சிவந்தது. அன்றே லயத்து மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள்.

"கணினி பிழைவிட்டுவிட்டது" என்று அக்காவிடம் சொன்னேன். பிழைவிட்டது நான்தான்.