முன்னறை என் பங்கு

கந்தப்பளை பஜாரைத் தாண்டி, நுவரெலியா போகிற ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் வீரம்மாவுக்கும். கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் அடுப்படி. ஐம்பத்தொன்றில் வாங்கினோம். இருவருமே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை அறைகளில் பிறந்தவர்கள். துரை வந்து காலி செய் என்று சொல்ல முடியாத ஒரு கதவை அதற்கு முன் நாங்கள் திறந்ததில்லை. வீட்டுப் பத்திரம், அதுதான் உறுதி, எழுதும்போது யார் பேரில் என்று கேட்டார்கள். "ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க, சரிபாதி" என்று சொன்னவன் நான்தான். பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னேன். வீட்டுக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் அவளுடையது என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

என் பெயர் பொன்னையா. தையல்காரன். கங்காணிமாருக்குக் கோட்டு, கணக்கப்பிள்ளைமாருக்குக் காற்சட்டை தைப்பேன். முன்னறையில் மெஷின். வீரம்மா கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் லீக்ஸ், கரட் என்று மரக்கறி போட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். கொஞ்ச காலத்தில் அவளுடைய மூட்டைகளை ஏற்ற வாசலில் லொறி வந்து நின்றது. என்னைத் தேடி அந்த வாசலில் சைக்கிளுக்கு மேல் எதுவும் நின்றதில்லை.

பஜாரில் என் பேரே மாறிவிட்டது. "யாரு, லீக்ஸ்காரம்மா வீட்டுக்காரரா?" என்று கேட்டார்கள். இப்றாஹிம் நானா கடையில் நூல் வாங்கப் போனால், "அம்மாட கணக்குல போடவா?" என்றார். ஆத்திரத்தில் என் பேரைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். லொறி வந்து நிற்கும்போது அது பலகையை முழுக்க மறைத்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்த சண்டைகளை விவரமாகச் சொன்னால், கேட்கிறவர்கள் அவள் பக்கம்தான் சேருவார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ இல்லாம எனக்கு வாழத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சா வாழுங்களேன்" என்றாள்.

நான் அதை மிரட்டலாகச் சொன்னேன். அவள் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமிதான் பேசினார்.

"புள்ள குட்டி இல்ல. அந்தப் புள்ளயும் தாலியக் கழட்டிக் குடுத்துருச்சு. இனி நீங்க ஆளுக்கொரு வழி. வீட்ட என்ன பண்ணப் போறீங்க?"

"நான் போக மாட்டேன்" என்றேன்.

"நானும்தான்" என்றாள் வீரம்மா.

தலைவர் பெருமூச்சு விட்டார். "அப்ப நடுவுல அடைச்சுக்கிட்டு இருங்க. பொன்னையா, ஒனக்கு எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்!" அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். ரோடு என் பக்கம், வாசல் என் பக்கம், பலகை என் பக்கம். அவள் இனி பக்கத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கட்டும்.

"எனக்குச் சம்மதம்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சம்மதித்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாளே தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து, இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த வழியை என் கையாலேயே அடைத்தேன். கடைசி ஆணியை அடித்து நிமிர்ந்தபோது தாகம் எடுத்தது. தண்ணீர்ப் பானை அந்தப் பக்கம். தண்ணீர் விழும் பீலி அந்தப் பக்கம். அடுப்பு அந்தப் பக்கம். கக்கூசும் அந்தப் பக்கம்தான்.

பீலிக்குப் போக வேண்டுமென்றால் ரோட்டில் இறங்கி, பக்கத்து வீட்டுச் சின்னராசாவின் முட்டைக்கோவாப் பாத்தியைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். சின்னராசா நல்ல மனிதர், ஆட்சேபிக்கவில்லை. அவருடைய நாய் ஆட்சேபித்தது. ஊரிலேயே காற்சட்டைக்கு அதிகமாக ஒட்டுப் போட்ட ஆள் ஒரு தையல்காரன்தான் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள்.

பனிக் காலம் வந்தது. பலகை இடுக்குகள் வழியாகக் கருவாடு வறுக்கிற வாசம் என் பக்கம் வந்தது. நான் கடையில் வாங்கிய பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொறுக்க முடியாமல் வெட்டுத் துணிகளை எடுத்து இடுக்குகளை எல்லாம் அடைத்தேன். வாசம் நின்றது. அதோடு, அவளுடைய அடுப்பிலிருந்து அதே இடுக்குகள் வழியாக எனக்கு வந்துகொண்டிருந்த சூடும் நின்றது. விடிந்ததும் கை விறைத்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சத்தம் போடாமல் ஒவ்வொன்றாகத் துணியைப் பிடுங்கினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என்ன டைலர், துணிய எடுத்துட்டீங்களா?"

பிரிந்த பிறகு அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். 'என்னங்க' என்று கூப்பிட முறையில்லை; பேர் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. டைலர் என்று என்னைத் தவறாமல் சொன்ன ஒரே ஆள் கடைசியில் அவள்தான்.

கோட்டுக்கு அளவு கொடுக்க வருகிற கங்காணிமார் என் அறையில் கொஞ்ச நேரம் நடுங்குவார்கள். பிறகு, "இருப்பா, அந்தப் புள்ளகிட்ட ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று பின்பக்கம் போய்விடுவார்கள். அங்கே அடுப்போரம் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். சில பேர் அங்கிருந்தபடியே பலகைக்கு மேலாக, "தோள் கொஞ்சம் லூசா வைப்பா!" என்று கத்தினார்கள்.

எனக்கு ரோஷம் முற்றியது. நுவரெலியாவுக்குப் போய், கேசு எடுத்து நடத்துகிற ஒரு புரொக்டர் ஐயாவைப் பிடித்துப் பங்கு பிரிக்கும் வழக்குப் போட்டேன். முன்பகுதி முழுவதும் எனக்கே என்று எழுதித் தர வேண்டும், பீலிக்கு வழியும் விட வேண்டும் என்று கேட்டேன்.

கோர்ட்டுக்குக் கூப்பிட்ட முதல் தவணையில் நீதிபதி இருவரையும் விசாரித்தார். நான் வெகுநேரம் பேசினேன். ரோடு, வாசல், தொழில், மானம், நாய் எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் அதை ஒரே வரியில் இங்கிலீஷில் சொல்லி முடித்தார். வீரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அறுத்தா ரெண்டு பக்கமுமே வீடா இருக்காதுங்க." அதை அவர் நிதானமாக, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி மொழிபெயர்த்தார். நீதிபதி தலையாட்டினார்.

அடுத்த தவணைக்கு ஆளைப் பார்த்தே மதிக்கிற மாதிரி போக வேண்டும் என்று தீர்மானித்தேன். எனக்கே ஒரு கோட்டுத் தைக்கத் தொடங்கினேன். ஊருக்கெல்லாம் தைத்தவனுக்குத் தன் முதுகை அளக்கத் தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போக வேண்டிய அன்று காலையில்தான் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று கண்டுபிடித்தேன். பிரித்துத் தைத்து, பொத்தான் வைத்து, வாசலுக்கு ஓடி வந்தேன். பஸ் போய்க்கொண்டிருந்தது. வீரம்மா அதில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பஸ் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனபோது, வழக்குப் போட்டவர் வரவில்லை என்று தள்ளுபடி செய்திருந்தார்கள். படியில் இறங்கி வந்துகொண்டிருந்த வீரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடி வழக்குப் போட எனக்குத் தெம்பில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் என்று காலம் ஓடியது. அறுபதாம் வருஷம் ரோட்டை அகலமாக்க அரசாங்க ஓவசியர் ஒருவர் ஆட்களோடு வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார்கள். அந்தச் சங்கிலி ரோட்டிலிருந்து புறப்பட்டு, என் வாசலைத் தாண்டி, மெஷினைத் தாண்டி, நேராக வந்து என் பலகைத் தடுப்பில் முட்டி நின்றது. ஓவசியர் அதில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பகுதி யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தனை வருஷமாக ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்னுடையது! இது முழுக்க என்னுடையது!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

சத்தம் கேட்டு வீரம்மா சுற்றிக்கொண்டு வந்தாள். வியாபாரம் செய்து பழகிய சிங்களம் அவளுடையது. என்னுடையதைவிட நன்றாக இருக்கும். விஷயத்தைக் கேட்டறிந்தவள், "இல்ல மாத்தயா, முன்னால இருக்கிறதும் பின்னால இருக்கிறதும் எங்க ரெண்டு பேருக்கும் பொது" என்று சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டைலர், இவங்க குடுக்கிற நட்டஈட்டுல ஒரு கோழிக்கூடுகூடக் கட்ட ஏலாது. உறுதியில பாதின்னுதான் போட்டிருக்கு, முன்பாதின்னு போடல. பின்னால மிச்சம் இருக்கிறதுலயும் ஒங்களுக்குப் பாதி இருக்கு."

நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கேசுல நீங்க ஜெயிச்சிருந்தா, இன்னிக்கு மெஷினத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கணும்."

அவள் சும்மா இருந்திருந்தால், என் வாயாலேயே நான் வீட்டை இழந்திருப்பேன். ஒற்றைக் கை குட்டையாக இருந்த ஒரு கோட்டினால்தான் எனக்கு அந்தப் பாதி மிஞ்சியது.

இடிக்க வருவதற்கு முன்பு அவளே சுத்தியலைக் கொண்டுவந்து நான் அடித்த ஆணிகளைப் பிடுங்கினாள். மெஷினை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்படிக்குத் தூக்கிப்போனோம். முன்னறை ஒரே நாளில் இல்லாமல் போனது. சுவர் விழுந்த சத்தத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளும்தான். லயத்தை விட்டு வந்து நாங்கள் முதன்முதலாகப் பாய் விரித்த அறை அது. பிறகு அந்தப் பெட்டிப் பலகைகளையே திரும்ப அடித்து ரோட்டுப் பக்கத்துச் சுவராக வைத்தோம்.

இராத்தங்கல் எனக்குச் சின்னராசா வீட்டில். பகலில் அடுப்படி ஓரம் தையல். கை விறைக்காமல் தைக்கிறதில் இருக்கிற சுகத்தை அப்போதுதான் கண்டேன். கங்காணிமாரும் அலையாமல் ஒரே இடத்தில் அளவும் கொடுத்துத் தேத்தண்ணியும் குடித்தார்கள். மதியத்தில் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். எனக்குள் ஓர் ஆசை துளிர்த்தது. ஒளிப்பானேன், நல்ல துணியில் ஒரு ஜாக்கெட் தைத்து அவளிடம் நீட்டினேன். அளவு கேட்காமலே தைத்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். தோளில் வைத்தும் பார்த்தாள். பிறகு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறப்ப ரொம்ப நல்ல மனுசன். இந்தப் பக்கம் வந்தாத்தான் தாங்க முடியாது."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புத்தான் வந்தது. இதைவிடச் சரியாக என்னை யாரும் அளவெடுத்ததில்லை.

"அப்ப என் பாதிய நீயே வாங்கிக்க. நான் பஜார்ல எடம் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான். இன்னொரு தரம் கேட்டா மாத்திச் சொன்னாலும் சொல்லிருவேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. விலை பேசுவதற்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் ஆனது.

உறுதி எழுத நுவரெலியாவுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். நொத்தாரிசு ஐயா எங்கள் பேர்களை எழுதிக்கொண்டு, "ஒங்களுக்குள்ள என்ன மொறை?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பங்காளிங்க" என்றாள் வீரம்மா.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பங்காளிகள் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படிச் சிரித்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்பால் வந்தது என்று சொன்னால் பொய்.

இப்போது இப்றாஹிம் நானா கடைக்குப் பக்கத்தில், ஒரு மெஷினும் ஒரு ஆளும் மட்டும் நுழைகிற இடத்தில் இருக்கிறேன். வாடகைக்கு எடுத்த இடம். பங்கு கேட்க ஒருவரும் இல்லை. வீரம்மா சந்தைக்குப் போகிற வழியில் ஜாக்கெட் துணி கொண்டுவந்து போடுவாள். கை இறுக்கமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்வாள். நான் அளவை மாற்றுவதில்லை. அவளும் வேறு தையல்காரனிடம் போவதில்லை.