தங்கமுத்து ஓட்டிய பூ வேன்

நிலக்கோட்டைப் பூவைத் திண்டுக்கல்லுக்கு வேனில் கொண்டுவந்தவர் தங்கமுத்து. 1962-இல் வேன் முதலாளி, சக்கர டிரம்மை அழுத்தி வண்டியை நிறுத்தும் கம்பெனி பிரேக் ஷூ விலை அதிகமென்று, வேறு வண்டியின் ஷூவை அரத்தால் ராவி மாட்டச் சொன்னார்.

“இது டிரம்முல முழுசா ஒட்டலை அப்பு, வண்டிய எடுக்காத,” என்றார் மெக்கானிக் மைதீன் பிச்சை.

“நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சு. பயந்தா சாவியக் குடு, வேற ஆளா இல்ல?” என்றார் முதலாளி.

வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். தங்கமுத்து சாவியைக் கொடுக்கவில்லை.

அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை. காத்துநின்ற மாட்டுவண்டிகள்மேல் மோதாமல் வேனைப் புளியமரத்தில் விட்டார். அங்கேயே இறந்தார்.

“எல்லாம் விதி,” என்றார் முதலாளி.

“அந்த விதிய ராவச் சொன்னது யாரு?” என்று கேட்டாள் தங்கமுத்துவின் மனைவி ஒச்சம்மாள்.

அடுத்த வேனுக்கும் முதலாளி ராவிய ஷூவையே மாட்டினார். இம்முறை பூசணிக்காயும் சேர்த்து உடைத்தார்.