பஸ் போகும் வழியில் ஒரு ஸ்கூட்டர்

என் அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்டியவள் நான்தான். அவர் பிறந்து வளர்ந்து, பால்பல் விழுந்து முளைத்ததெல்லாம் அதே ஊரில்தான். ஆனால் ஒன்பது வயதில் எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. என்னைப் பொறுத்தவரை அவர் மஸ்கட்காரர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு உள்ளூரில் இருப்பவர்கள்தானே ஊரைக் காட்ட வேண்டும்?

என் மனதில் ஒரு பெரிய திட்டமும் இருந்தது. அப்பா அங்கே ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில் வந்து எனக்கு மஸ்கட்டைக் காட்டுவார். கடலோரச் சாலை, வெள்ளை வெளேரென்று ஒரு மசூதி, பேரீச்சை மரங்கள், ஒரு தெருவையே உள்ளே அடைத்துவைத்த மாதிரி பெரிய கடை. பார்த்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த ஊர் அழகாக இருப்பதால்தான் அப்பா அங்கேயே இருக்கிறார். நம் ஊரை யாராவது ஒழுங்காக எடுத்துக் காட்டினால் இங்கேயே தங்கிவிடுவார். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பது என் எண்ணம். சம்பாத்தியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கும் அப்பா விமானம் ஏறுவதற்கும் சம்பந்தம் இருப்பதுதான் தெரியாது.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அம்மா தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "நீயே கூட்டிக்கினு போமா. அப்பாவுக்கு வழி தெரியாது" என்று சிரிக்காமல் சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

சித்தப்பாவின் ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த வழி டவுன் பஸ் போகும் வழி ஒன்றுதான். பெருமாள் கோயிலுக்கு நானும் அம்மாவும் போவதென்றால் முதலில் செவிலிமேட்டில் பெரியம்மா வீடு, அங்கிருந்து கோயில். அதனால் அப்பாவையும் அப்படியே ஊரைச் சுற்றிப் போகச் சொன்னேன். அதோடு விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் "நிறுத்துப்பா" என்றேன். அவரும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மரியாதையாக ஓரம் கட்டி நிறுத்தினார். ஓரிடத்தில் கூடையோடு நின்ற அம்மா ஒருத்தி, "செவிலிமேடு போவுமாபா?" என்றே கேட்டுவிட்டாள்.

வழியெல்லாம் நான் கைடுகள் மாதிரி கையைத் தூக்கிக் காட்டி விளக்கம் சொன்னேன். கோபுரத்துக்கு எத்தனை நிலை, கோயில் மாமரத்துக்கு எத்தனை வயசு என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். "அப்படியாமா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்பார் அப்பா. ஆனால் அவர் கண் கோபுரத்தில் இல்லை. காந்தி ரோட்டில் ஜவுளிக்கடைச் சுவரில் தொங்கிய ஏ.சி. பெட்டிகளை எண்ணுகிற மாதிரி பார்த்தார். "இங்கியே நில்லுமா" என்று உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையிலும், பிறகு ஒரு கல்யாண மண்டபத்திலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ எதையுமே பாக்க மாட்டற."

"பாத்துக்கினுதாமா இருக்கேன்."

செவிலிமேட்டில் பெரிய ஏ.சி. கடை ஒன்று. அங்கே இருந்தவர் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, "ஓனர் வந்துக்கினு இருக்காரு. நீங்க வந்தா இருக்கச் சொன்னாருண்ணா. ஒரு மணி நேரம்" என்றார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைக் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது.

பெருமாள் கோயிலில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். அங்கேதான் என் திட்டத்தின் உச்சகட்டமே இருந்தது. கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்பார்கள். தொட்டுவிட்டு வந்தவரைத் தொட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தப் பலன் உண்டு என்பது எங்கள் ஊர் வழக்கம். என் வகுப்புத் தோழி இன்னும் ஒருபடி மேலே போய், தொடும்போது நினைத்தது நடக்கும் என்று சத்தியம் செய்திருந்தாள்.

"நடை சாத்திடுவாங்கப்பா!"

"நாளைக்குப் போலாமாமா?"

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினே நீ மஸ்கட்டுக்குப் போயிடுவ" என்று ஓவென்று அழுதேன்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, "நாளைக்கு வரேன்னு சொல்லிடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

அங்கிருந்து எனக்குத் தெரியாத சந்துகளில் வண்டி பறந்தது. "தப்பான வழியில போற" என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். ஆனால் சீக்கிரமே கோயில் வாசலில் இருந்தோம். ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பல்லிகளுக்குக் கீழே இருந்த படியில் ஏறியும் எட்டாததால் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பல்லிகளையும் தலையிலிருந்து வால் வரை அழுத்தித் தடவினேன். அப்பா இங்கேயே இருக்கணும், அவ்வளவுதான் கேட்டேன். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று விசாரித்தபோது, "நீ வேண்டிக்கினதேதான்" என்றார்.

அடுத்த வாரம் அவர் விமானம் ஏறிவிட்டார். தோழியோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா ஒருநாள் சொன்னாள். அந்த லீவில் அப்பா ஊருக்குள் வேலை தேடிக்கொண்டிருந்தாராம். எல்லா இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். செவிலிமேட்டுக்காரர் மட்டும் நேரில் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வரச் சொல்லியிருந்தார். மறுநாள் அப்பா போனபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் மஸ்கட்டில் இருந்தார். அப்பா ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும், "எனக்கு இந்த ஊரைச் சுத்திக் காட்டினதே எம் பொண்ணுதான்" என்பார். முன்பெல்லாம் கேட்டுச் சிரிப்பேன். இப்போது என்னால் முடிவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அம்மாவிடம் ஓடிப்போய்ப் புகார் செய்தேன். "அப்பா ஒண்ணுத்தையுமே ஒழுங்கா பாக்கலம்மா. செவிலிமேட்டுல ஒரு ஏ.சி. கடையில போயி உக்காந்துக்கிச்சு. அவங்க ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னாங்க. நான்தான் அழுது கெளப்பிக்கினு வந்தேன்!"

தறிச் சத்தம் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நல்லா காட்டினாம்மா ஊரை" என்றார்.

அம்மா என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை. கை ஈரமாகிவிட்டது. பல்லியைத் தொட்ட பலனை எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

"இந்தக் கையாலயும் தொட்டேம்மா" என்று இடது கையையும் நீட்டினேன்.