இரங்கல் கூட்டமும் நெத்திலி பேரமும்

அடுத்தவர் வாய்க்குள் சோறு அரைபடுவதை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்க்கும்படி யாரையும் வேலைக்கு வைப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை காலைகளில் என் வேலையில் பாதி அதுதான். மீன்வலைக் கம்பெனி ஒன்றின் நாகர்கோவில் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். வாராந்திர ரிவ்யூவுக்கான வீடியோ கூட்டத்தைத் திறந்து, ஒவ்வொருவரையும் உள்ளே அனுமதித்து, முடியும்வரை கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. மற்றவர்கள் வீட்டிலிருந்தே வருவார்கள். வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே வருவார்கள் என்பதுதான் கொடுமை.

நான் கூட்டத்துக்கு முன் கேமராவை மெல்லிய துணியால் துடைப்பேன். முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று திரும்பிப் பார்ப்பேன். பேசும் முறை வரும்வரை மைக்கை மூடியே வைப்பேன். இவை பெரிய கட்டுப்பாடுகள் அல்ல. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் யாரும் நகம் வெட்டிப் போடுவதில்லை. அந்த அளவு கூச்சம் திரையிலும் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் குடோன் பொறுப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலியில் இறந்துபோனார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். ஒரே மகன் குவைத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான், விடுமுறை தரவில்லை. உறவினர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, இறுதி ஊர்வலத்தை அவன் அங்கிருந்தே பார்த்தான். கல்லறைத் தோட்ட வாசலில் இணைப்பு அறுந்துவிட்டது. மறுநாள் எனக்கு போன் செய்தான்.

"ஆன்ட்டி, ஆபீஸ்ல அப்பாக்குன்னு கூட்டம் ஏதாவது வைப்பியளா?"

"வைப்போம் மக்கா."

"நானும் வரலாமா? வீட்டுல அப்பா அதிகம் பேச மாட்டாவ. ஆபீஸ்ல எப்படி இருந்தாவன்னு யாராவது சொல்லிக் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மேலாளரிடம் சொன்னேன். "சனிக்கிழமை எல்லாரும் இருப்பாவல்லா மேடம். ரிவ்யூவுக்கு முன்னால அதையும் முடிச்சிரலாம்" என்றார். அந்த 'அதையும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்தேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுங்கள், மைக்கை மூடி வையுங்கள், பையன் கேட்டுக்கொண்டிருப்பான் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

முதலில் வந்தது அவன்தான். சலவை செய்த வெள்ளைச் சட்டை. பலர் தங்கும் அறை. பின்னால் இரண்டடுக்குக் கட்டில். மேல்கட்டிலில் தூங்குபவரின் கால் திரையில் தெரிந்துவிடாமல் ஒரு போர்வையைக் குறுக்கே கட்டியிருந்தான்.

பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். கணக்குப்பிரிவுக்காரர் தட்டோடு வந்தார். புட்டில் பழத்தைப் பிசைந்து, விரல்களை நக்கி, அதே விரலால் கேமராவை நிமிர்த்தினார். அவர் முகத்தின் மேல் ஒரு பிசுக்குப் படர்ந்தது. விற்பனைக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். மூக்குத் துவாரங்கள் இரண்டும் திரையை நிறைத்தன. காதுக்குள் விரலை விட்டுக் குடைந்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையணை உறையில் துடைத்தார்.

மேலாளர் எங்கிருந்தோ எடுத்த இரங்கல் உரையைப் படித்தார். யார் இறந்திருந்தாலும் பொருந்தக்கூடிய உரை. 'கடமையே கண்ணாக' என்ற இடத்தை அவர் அடைந்தபோது, கொள்முதல் பிரிவுக்காரர் வீட்டுக்கு வெளியே மீன் வண்டியின் ஹாரன் அடித்தது. அவர் மைக் திறந்திருந்தது.

"ஓய், நில்லும்! நெத்திலி உண்டா?"

"உண்டு சார். இப்பம் கரையில இருந்து வாறது."

"எவனுக்கிட்ட சொல்லுகீரு? கண்ணப் பாரும். செத்து நாலு நாளான கணக்கா கெடக்கு!"

சனிக்கிழமை. அவன் அப்பா இறந்து சரியாக நாலு நாள். அந்த மைக்கை நான் மூடினேன்.

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் விற்பனைக்காரர், தன் மைக் மூடியிருக்கிறது என்ற நினைப்பில், மனைவிக்குப் பதில் சொன்னார்: "இது கழிஞ்சாத்தான்டி ரிவ்யூ. அவரு இன்னும் வாசிச்சு முடிக்கல்ல. கேட்டியா, அந்த குடோன் சீட்டு எனக்குத்தான் வரும்னு நினைக்கேன். சின்ன ஏசி ரூமு ஒண்ணு உண்டு, பாத்துக்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். மூக்குத் துவாரங்கள் விரிந்தன.

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனையும் என்னையும் தவிர, மேலாளர் உட்பட எல்லார் மைக்குகளையும் மூடினேன். மேலாளரின் வாய் மட்டும் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, நான் வச்சிரட்டுமா?" என்றான்.

"இரி மக்கா. நான் சொல்லுகேன்."

எனக்கு மேடைப் பேச்சு வராது. கண்டதைச் சொன்னேன். "அப்பா லாரி டிரைவர்மாரை போன்ல கூப்பிட்டு ஏசுவாவ. மாடியில இருக்க எனக்குக் கேக்கும். வண்டியைக் கொண்டு கடல்ல விடுல, வலை தானா போய் மீன் பிடிக்கட்டும் என்பாவ. போனை வச்சதும் வலைக் கட்டுக்குப் பின்னால போய் நின்னு சிரிப்பாவ. ஏச்சு வாங்கின டிரைவர் வந்து இறங்கினா அவனுக்கு முதல் டீ அப்பா வாங்கிக் குடுக்கதுதான். எங்கிட்டயும் சண்டைதான். நான் ஃபேன் வேண்டாம்பேன், அவிய வந்து போடுவாவ."

அவன் நிமிர்ந்தான். "அப்பா சிரிப்பாவளா?"

"மூச்சு முட்டுற வரைக்கும்."

"வீட்டுல நான் கண்டதில்லை, ஆன்ட்டி. எப்படிச் சிரிப்பாவ?"

திரையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேசையைத் தட்டி, முதலில் சத்தமே வராமல் குலுங்கி, பிறகு தொண்டைக்குள் விக்குவதுபோல மூன்று தரம் இழுத்து, கடைசியில் உடைந்து சிரித்தேன். அவர் சிரித்தது அப்படித்தான். புட்டுத் தின்றவரின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

பையனும் சிரித்தான். முதலில் சத்தமே வராமல் குலுங்கினான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடியே, "அது போதும் ஆன்ட்டி" என்று சொல்லி வெளியேறினான்.

மைக்குகளைத் திறந்தேன். முதல் குரல் மேலாளருடையது.

"என்ன மேடம் இது? துக்கக் கூட்டத்துல இப்படியா சிரிக்கது? செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவர் மீசையில் டீயின் ஆடை பட்டையாக ஒட்டியிருந்தது. ரிவ்யூ முடியும்வரை அது அங்கேயே இருந்து, அவர் பேசப்பேச மேலும் கீழும் ஆடியது. நான் சொல்லவில்லை.